நாற்பத்தொண்ணாம் நம்பர் சட்டை

முதல் நாள் பார்த்தப்பவே நான் அவரைத் திட்டிட்டேன். அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு இந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். இங்கே படுத்திருக்கிற பட்டாளத்துக்காரங்களுக்கும் இருபத்தாறு வருஷத்துல தெரிஞ்சிருக்கும். புல் வெட்டுறது, இலை கூட்டுறது, கல்லைத் துடைக்கிறது, காலையில கேட்டைத் திறந்து சாயங்காலம் பூட்டுறது, எல்லாம் நான் ஒருத்திதான். சண்டையில செத்தவங்களுக்கு அறுநூத்திப் பன்னெண்டு கல்லு இருக்கு இங்கே. அதுல மூணாவது வரிசையில ஒரு ஆள் குத்துக்கால் போட்டு உக்காந்து, ஒரு கல்லுக்கு மட்டும் சோப்புப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தார்.

"என்னய்யா, உங்க வீட்டுப் பாத்திரமா அது?"ன்னேன்.

அவர் திரும்பக்கூட இல்லை. "இது காரம் இல்லாத சோப்பும்மா. கல்லை ஒண்ணும் செய்யாது. நீங்க போடுற பவுடர்தான் எழுத்தைத் தின்னுக்கிட்டிருக்கு."

சண்டைக்குப் போகலாம்னு கிட்டப் போனேன். அவர் தேய்ச்ச கல்லுல எழுத்து பளிச்சுன்னு இருந்தது. பக்கத்துல நான் தேய்ச்ச கல்லுல பாதி எழுத்தைக் காணோம். வாயை மூடிக்கிட்டேன். என் வாழ்க்கையில அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

அதுலேர்ந்து இருபது வருஷமா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தார். செவ்வாய்க்கிழமை அவர் லாண்டரிக்கு லீவு. பத்து மணி பஸ்ல இறங்குவார். கையில ஒரு பை இருக்கும், அதுல சோப்பு, பிரஷ், பாட்டில்ல தண்ணி, நாலா மடிச்ச பழைய துண்டு. இங்கேயே குழாய் இருக்கே, தண்ணியை எதுக்கு ஊர்லேர்ந்து சுமக்கிறீங்கன்னு கேட்டேன். உங்க குழாய்த் தண்ணியில உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டார். தொழில்காரன் புத்தி. அதை மாத்த முடியாது.

அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஒரே நாள்ல பத்து வார்த்தைக்கு மேல பேசினா நாக்கு தேஞ்சு போயிடும்னு நெனைக்கிற ஆள். பத்தொம்பது வயசுல பட்டாள முகாம்ல துணி துவைக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கார். பெரிய கொப்பரையில தண்ணியைக் கொதிக்கவெச்சு, இருநூறு பேருக்குத் துவைச்சு, காயவெச்சு, இஸ்திரி போட்டுக் கொடுக்கணும். எந்நேரமும் கை தண்ணியிலேயே கிடக்கும். அதனால பட்டாளத்துப் பசங்க அவருக்கு 'ஈரக்கை'ன்னு பேர் வெச்சிட்டாங்க. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சண்டை முடிஞ்சு முகாமைக் கலைச்சதும், டவுன்ல பஸ் டெப்போவுக்கு எதிர்ல சின்னதா ஒரு லாண்டரி போட்டார். ஆஸ்பத்திரி கோட்டு, லாட்ஜ் பெட்ஷீட், கல்யாணத்துக்குப் போறவங்க கோட்டு சூட்டு. கடைக்குப் பின்னால ஒரே ஒரு ரூம், அதுதான் வீடு. கல்யாணம் பண்ணிக்கல. அக்கா ஒருத்தங்க ரெண்டு மூணு இடம் பார்த்திருக்காங்க. அப்புறம் அவங்களும் அலுத்துப்போய் விட்டுட்டாங்க.

"தனியா இருக்க பயமா இல்லையா அண்ணே?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"ஊர்ல பாதிப் பேர் சட்டை என் ரூம்லதான் தொங்குது. ஆளுங்கதான் யாரும் இல்லை"ன்னார். சொல்லிட்டு அவரே சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

அவர் தேய்க்கிற அந்தக் கல்லு ஒரு லாரி டிரைவருடையது. இருபத்தஞ்சு வயசுல செத்தவன். அவனுடைய அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். தச்சு வேலை செய்றவர். மாசம் ஒரு தடவை வருவார், மடக்கு ஸ்டூல் ஒண்ணு தன் கையாலேயே செஞ்சு கொண்டுவந்து, அதைப் போட்டுக் கல்லுக்கு எதிர்ல உக்காந்துக்குவார். எந்த வீட்டுக் கதவு வேலை முடிஞ்சது, எந்த மரம் வெடிச்சிடுச்சு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம மகன்கிட்ட சொல்லுவார். கடைசியில நடக்க முடியாம ஆனப்போ, "இது இங்கேயே இருக்கட்டும்மா"ன்னு ஸ்டூலை என்கிட்ட கொடுத்துட்டுப் போனார். அதோட சரி, அந்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டார். அவருக்கு அப்புறம் அந்த டிரைவருக்கு ஒரு நாதி இல்லை. அந்த வருஷம்தான் ஈரக்கை அண்ணன் வர ஆரம்பிச்சார். எத்தனையோ தடவை அந்த ஸ்டூலை எடுத்துப் போட்டிருக்கேன், உக்காருங்கன்னு. ஒரு தடவைகூட உக்காந்ததில்லை. தரையிலதான் உக்காருவார், முட்டி வலியோட.

இன்னொருத்தங்களைப் பத்திச் சொல்லணும். தோட்டத்தோட கடைசியில ஒரு நீளச் சுவர் இருக்கு. உடம்பே கிடைக்காதவங்க பேரெல்லாம் அதுலதான் வெட்டியிருக்கு, மொத்தம் நாற்பத்திமூணு பேர். வருஷத்துக்கு ஒரு நாள் நினைவு நாள் நடக்கும்போது ஒரு அம்மா அந்தச் சுவர்கிட்ட வந்து நிப்பாங்க. போஸ்ட் ஆபீஸ்ல கவுண்ட்டர்ல உக்காந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரே பையன், ஒரே பொண்ணு. பையன் ஒயர்லெஸ் ஆபரேட்டர், காணாமப் போனப்போ இருபத்தொரு வயசு. மேலேர்ந்து ஒன்பதாவது பேர் அவனுடையது. முன்னெல்லாம் கையை நீட்டி அந்தப் பேரைத் தொடுவாங்க. இப்போ முதுகு வளைஞ்சதுல கை அங்கே எட்டுறதில்லை.

ஒரு தடவை என்கிட்ட கேட்டாங்க, "பூவை எங்கேம்மா வைக்கிறது?"

"சுவர் அடியில வைங்கம்மா"ன்னேன்.

"அங்கே அவன் இல்லையே."

சுவர் அடியில வெறும் சிமெண்ட் கால்வாய்தான். காத்து அடிச்சா பூ உருண்டு கேட் வரைக்கும் போயிடும், மறுநாள் காலையில நான்தான் கூட்டி அள்ளணும்.

அந்த நினைவு நாள்ல ஈரக்கை அண்ணனும் வருவார். ஆனா கூட்டத்துப் பக்கமே போகமாட்டார். என் சாமான் ஷெட்டுக்குப் பின்னால குழாய்கிட்ட நின்னுக்கிட்டு, அந்த அம்மாவையே பார்த்துக்கிட்டிருப்பார். அவங்க கிளம்பினப்புறம்தான் இவரும் கிளம்புவார். கூச்ச சுபாவம்னு நெனைச்சுக்கிட்டேன்.

போன வருஷம் நினைவு நாளுக்கு மூணு வாரம் இருக்கும்போது, அதை நடத்துற கமிட்டியோட செயலாளர் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனா மைக் இல்லாதப்பவும் மைக்ல பேசுறவர். அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நேரா மூணாவது வரிசைக்குப் போய் அண்ணன் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். "இந்த வருஷம் வீரர்களுக்குப் பின்னால நின்னு உழைச்சவங்களுக்கும் நன்றி சொல்றோம். சமையல்காரர், ஆஸ்பத்திரி ஆயா, அப்புறம் நீங்க. உங்களுக்கு மெடல். பழைய ஃபைலைப் புரட்டினோம். இந்த டிரைவருடைய உடம்பை அடையாளம் கண்டுபிடிச்சதே உங்க சலவை நோட்டை வெச்சுத்தானாமே? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க." ஒரு கடுதாசியையும் கையில திணிச்சுட்டுப் போயிட்டார்.

அண்ணன் அந்தக் கடுதாசியைப் பிரிக்கவே இல்லை. ஷெட்டுக்கு வந்தார். ஸ்டூலைக் காட்டினேன், பக்கெட்டைக் கவுத்துப்போட்டு அதுல உக்காந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது.

"மெடல்தானே அண்ணே, பாம்பா?"ன்னேன்.

"அந்தக் கல்லுக்குக் கீழ டிரைவர் இல்லைம்மா"ன்னார்.

அவரே சொன்னார்.

முகாம்ல ஆளுக்கு ஒரு நம்பர், எது யாருடையதுன்னு சலவை நோட்டுல எழுதி வெச்சிருப்பார். காலருக்கு உள்ள அழியாத மையில அதை எழுதுவார். ஆளுக்கு ரெண்டு சட்டை, முதல் சட்டைக்கு நம்பர் பக்கத்துல ஒரு புள்ளி, ரெண்டாவதுக்கு ரெண்டு புள்ளி. டிரைவர் பதினேழு. ஒயர்லெஸ் பையன் நாற்பத்தொண்ணு. அந்த வாரம் பூரா மழை, கொடியில எதுவும் காயல. மத்தியானம் ஒயர்லெஸ் பையன் நனைஞ்சுபோய் ஓடி வந்தான். உடனே கிளம்பணும், மாத்துச் சட்டை கொடுங்க அண்ணேன்னு கேட்டான். அவனுடைய சட்டை பிழிஞ்சா சொட்டுற மாதிரி கொடியில தொங்குது. இஸ்திரி மேஜையில டிரைவருடைய ரெண்டாவது சட்டை தயாரா இருந்தது. டிரைவர் சாயங்காலம்தான் வருவான், அதுக்குள்ள பையன் சட்டை காஞ்சிடும், அவனுக்கு அதைக் கொடுத்துச் சமாளிச்சுக்கலாம்னு அதை எடுத்துக் கொடுத்துட்டார். டிரைவர் சாயங்காலம் வரல. வெளியூர்லேர்ந்து வந்தவனை அப்படியே திருப்பி, ஒயர்லெஸ் பையனோட கிளம்பக் காத்திருந்த ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. ராத்திரி பாலம் உடைஞ்சு லாரி ஆத்துல போயிடுச்சு. பதினொரு பேர். அஞ்சு நாள் கழிச்சு, ரொம்ப தூரத்துல, ஒரே ஒரு உடம்புதான் கிடைச்சது. கழுத்துல மாட்டுற அடையாளத் தகடு இல்லை. முகம் பார்த்து அடையாளம் சொல்ற நிலையில இல்லை.

"ஆபீஸ் கிளார்க் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து காட்டினான். காலர்லேர்ந்து வெட்டினது. பதினேழு, ரெண்டு புள்ளி. இது யாருடையதுன்னு கேட்டான். நானும் நோட்டைப் பார்த்து டிரைவர்னு சொல்லிட்டேன். ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிச் சொல்றதுதானேம்மா என் வேலை. கை பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டிச்சு, வாய் பாட்டுக்குப் பேரைச் சொல்லிச்சு. சாயங்காலம் கொடியில துணி எடுக்கப் போனேன். நாற்பத்தொண்ணாம் நம்பர் சட்டை காஞ்சு ஆடிக்கிட்டிருந்தது. அதைப் பார்த்தப்புறம்தான் நான் என்ன சொல்லித் தொலைச்சேன்னே எனக்கு உறைச்சுது."

மறுநாள் காலையில ஆபீஸுக்கு ஓடியிருக்கார். அந்தக் கிளார்க் இவர் தோளைத் தட்டி, உன் நோட்டு இல்லேன்னா இவனும் பேரில்லாமப் போயிருப்பான், அவங்க அப்பாவுக்குத் தந்தி போயிடுச்சு, அந்த மனுஷனுக்காவது ஒரு ஆறுதல் கிடைச்சுதுன்னானாம். இவர் மென்னு முழுங்கிட்டுத் திரும்பி வந்துட்டார்.

நான் சும்மா இருப்பேனா? வாயில வந்தபடி திட்டினேன். "முப்பத்திநாலு வருஷமா அந்த அம்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க ஷெட்டுக்குப் பின்னால நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க. மனுஷன்தானா நீங்க?"

"டிரைவருடைய அப்பா இருக்கிற வரைக்கும் எப்படிச் சொல்றது? ஸ்டூல் செஞ்சு எடுத்துட்டு வந்து உக்காந்தவர்கிட்ட, இது உன் பையன் இல்லைன்னு எந்த வாயால சொல்றது?"

"அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சே."

"அதுக்கப்புறம் பயம்மா. முதல்லேயே ஏன் சொல்லலன்னு கேப்பாங்களே. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்வி பெருசாகிக்கிட்டே போச்சு."

அந்த ஸ்டூல்ல அவர் ஏன் உக்காரலன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சது. கோபம் போகல, ஆனா அவரைப் பார்க்கவும் பாவமா இருந்தது. ஒரு விஷயம் மட்டும் சொன்னேன். அந்த அம்மாவுடைய பொண்ணு முந்தின வாரம்தான் எனக்கு போன் பண்ணியிருந்தாங்க. அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போறாங்களாம், ஒரு நாள் பூரா பயணம் பண்ணணும். இனிமே வர முடியாது, இதுதான் கடைசி, சுவர்கிட்ட ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கன்னு கேட்டாங்க. "அப்புறம் நீங்க யார்கிட்ட சொல்லுவீங்க, சுவத்துக்கிட்டயா?"ன்னேன். அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போயிட்டார். அடுத்த ரெண்டு செவ்வாய்க்கிழமையும் ஆளைக் காணோம்.

நினைவு நாள் அன்னிக்கு நல்ல வெயில். பந்தல், நாற்காலி, மலர் வளையம், பெரிய மனுஷங்க எல்லாம் வந்தாச்சு. நாற்பது தடவை நன்றின்னு சொன்னாங்க, நான் எண்ணினேன். ஈரக்கை அண்ணன் ஓரத்துல உக்காந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு, மடியில ஒரு காகிதப் பொட்டலம். "முகாம் சலவை ஊழியர் மேடைக்கு வரவும்"னு செயலாளர் கூப்பிட்டதும் எழுந்தார். எழுந்து மேடைக்கு முதுகைக் காட்டி, சுவத்தைப் பார்த்து நடந்தார். எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஷெட்டுக்கு ஓடி அந்தத் தச்சர் ஸ்டூலை எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே போனேன்.

அந்த அம்மா பூவை மடியில வெச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருந்தாங்க. பொண்ணு பக்கத்துல நின்னாங்க. அண்ணன் தரையில உக்காந்துட்டார். என்கிட்ட சொன்னதையே சொன்னார், மழை, கொடி, ரெண்டு புள்ளி, நோட்டு, எதையும் பூசி மெழுகல. சொல்லிட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சார். பட்டாளத்துச் சட்டை, இஸ்திரி போட்டு மடிச்சது. காலரைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தொண்ணு, ஒரு புள்ளி.

பொண்ணு அண்ணனுக்கு நேர் எதிர்ல வந்து நின்னாங்க. "முப்பத்திநாலு வருஷம்"ன்னாங்க. "எங்கம்மா ஒவ்வொரு தபாலையும் பிரிச்சுப் பார்த்தாங்க. யார் கதவைத் தட்டினாலும் எழுந்து ஓடுவாங்க. அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. என் மேல தப்பு"ன்னார்.

அந்த அம்மா பொண்ணு கையைத் தொட்டு நிறுத்தினாங்க. கவுண்ட்டர்ல உக்காந்து பழகினவங்க இல்லையா, கேள்வி ஒவ்வொண்ணா வந்தது. "அவன் போட்டுக்கிட்டதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?" பார்த்தேன்னார். "டிரைவருடைய இன்னொரு சட்டை?" அது அவன் உடம்புல இருந்தது, அதுக்கு ஒரு புள்ளிதான்னார். "எங்கே இருக்கான்?"

மூணாவது வரிசைக்குப் போக எங்களுக்குக் கால் மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள மைக்ல இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு, அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க. கல்லுக்கு எதிர்ல நான் ஸ்டூலை விரிச்சேன். அந்த அம்மா உக்காந்து, கல்லுல இருந்த வேற ஒரு பையன் பேர் மேல கையை வெச்சாங்க. அப்புறம் கொஞ்சம் கீழ, புல்லு மேல வெச்சாங்க. பூவைப் புல்லுல வெச்சதும் அது அங்கேயே நின்னது. இவ்வளவு நேரம் நான் அடக்கிக்கிட்டிருந்தேன், அதைப் பார்த்ததும் முடியல.

அண்ணன் கொடுத்த சட்டையை மடியில வெச்சுத் தடவிக்கிட்டே கேட்டாங்க. "தம்பி, இதுதான் ஈரமா இருந்ததா?"

"ஆமாம்மா."

"அப்போ அவன் போட்டுட்டுப் போனது?"

"நல்லா காஞ்சதும்மா. இஸ்திரிச் சூடுகூட ஆறல. அப்படியே மாட்டிக்கிட்டு, சுகமா இருக்குண்ணேன்னு சொன்னான்."

அந்த அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. "சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு இழுப்பு. ஈரத்துணி ஆகவே ஆகாது. அந்த வாரம் ரேடியோவில மழை மழைன்னு சொன்னாங்க. அவன் செத்திருப்பான்னு எனக்கு எப்பவோ தெரியும். ஈரத்தோட போனானோ, மூச்சு இழுத்துக்கிட்டே போனானோன்னுதான் இத்தனை வருஷமா தூக்கம் இல்லை." அவர் கையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. "ரொம்ப நன்றி தம்பி."

அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். பொண்ணு அவர்கிட்ட கடைசி வரைக்கும் பேசல. அதையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன்.

செயலாளர்கிட்ட அண்ணன் எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். விசாரணை, உத்தரவு, கல்லு மாத்துறது, எல்லாத்துக்கும் நாளாகுமாம். அந்த அம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க, சட்டையும் அவங்களோட போயிடுச்சு. பையனுக்குப் பூ வைக்கச் சொல்லி மாசா மாசம் எனக்கு ஒரு கடுதாசி வருது. நான் பூ வைக்கிறேன். பூ இருந்த இடத்துலேயே இருக்கு.

நினைவு நாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணி பஸ்ல அண்ணன் வந்தார். மூணாவது வரிசையில கல்லைக் கழுவினார். அப்புறம் பையை எடுத்துக்கிட்டுக் கடைசிச் சுவருக்குப் போனார். நாற்பத்திமூணாவது பேருக்குக் கீழ வெறும் கல்லுதான், அதுல எழுத்து ஒண்ணும் இல்லை. அதுக்குச் சோப்புப் போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சு, தண்ணி ஊத்தித் துண்டால ஒத்தி எடுத்தார். டிரைவர் பேர் அங்கேதான் வரணும். அதுவரைக்கும் அவன் கல்லுலயும் இல்லை, சுவத்துலயும் இல்லை, அவனைத் தேடி வர ஒருத்தரும் இல்லை.

நான் கேட் பக்கம் பெருக்கிக்கிட்டிருந்தேன். "தங்கச்சி, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் கொடும்மா"ன்னு கூப்பிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே விரிச்சு, அந்த வெறும் கல்லுக்கு எதிர்ல போட்டு உக்காந்தார். அந்த வாரம் கடைக்கு எத்தனை கோட்டு வந்தது, எந்த லாட்ஜ் பெட்ஷீட் கிழிஞ்சிருந்ததுன்னு சொல்ல ஆரம்பிச்சார்.